மாப்ளைக்குத் தெரியாத இங்கிலீஷு

இல்லீங்கண்ணே, வலிப்பெல்லாம் ஒண்ணுமில்ல, பயப்படாதீங்க, பஸ்ஸ நிறுத்த வேணாம். தொண்டையச் சரி பண்ணிப் பாத்தேன். இன்னொருவாட்டி செய்யட்டா? க்ஹ்ராஅ... வ்வுல்த்து... ஹ்ஹொர்ட்டு! பாத்தீங்களா, ஒங்க பாப்பாகூட சிரிக்குது. இங்கிலீஷுண்ணே! நெசமாத்தான். எழுநூறு எண்ணூறு வருசத்துக்கு முந்தி வெள்ளக்காரன் இப்படித்தான் பேசுவானாம், வாயில சுடுசோத்தப் போட்டுக்கிட்டு.

நான் எங்கண்ணே படிச்சேன்? வாத்தியார் மாரியே பேசிக்காட்டி, அஞ்சாங்கிளாஸோட ஒத வாங்கிட்டு ஓடியாந்தவன். தங்கச்சி அல்லிதான் எம்.ஏ. இங்கிலீஷு, தபால்ல. அந்தப் பழைய புஸ்தகமெல்லாம் இங்க எங்க கெடைக்குது? ஃபோன்ல, நெட்டுலதான். ஃப்ரீ. ஒரு பக்கம் பழசு, பக்கத்துலயே இப்ப உள்ள இங்கிலீஷு. வெரல வச்சா அர்த்தம் எந்திரிச்சு நிக்கும். ஸ்பீக்கர் படத்த அமுக்குனா ஒரு வெள்ளக்காரன் கட்டக் கொரல்ல படிப்பான். கோட்டையக் கொளுத்துறான், கழுத்த அறுக்குறான், பூரா அதே சோலிதான். கொழம்பு ஒருபக்கம் கொதிக்கும், அவன் ஒருபக்கம் கொதிப்பான். அல்லி கூடக்கூடச் சொல்லிப் பாக்கும்.

அது புருசன், எங்க மாப்ள மதியழகன், துபாய்ல ரெண்டு வருசம் இருந்தவரு. அவருக்குத் தெரியாத இங்கிலீஷா? வாசல்ல நின்னு கேட்டுருக்காரு. உள்ள ஒரு ஆம்பளக் கொரலு, இது பதிலுக்குப் பதிலு. எவன்டி அவன், எனக்குப் புரியக்கூடாதுன்னு தனியா ஒரு பாஷ வச்சிருக்கீங்களான்னு கேட்டாரு. இப்படித்தான், மூக்கால. இது பாவம், அந்தப் பழைய இங்கிலீஷுப் பக்கத்தயே தெறந்து காட்டிருக்கு. இதுல ஒரு வார்த்தகூட இங்கிலீஷு இல்லியேடி, யார்ட்ட கத வுடுறன்னு, அந்த ஃபோனாலயே காதோட சேத்து... ஆமாண்ணே. ஃபோனு ஒடையிற வரைக்கும். அப்பறம் குக்கரு மூடி.

சிரிச்சுக்கிட்டா சொல்றேன்? மூஞ்சி அப்படிண்ணே. எங்கப்பா சாவுலயும் இதே மூஞ்சிதான்.

அல்லி இப்ப காரைக்கால் ஆஸ்பத்திரிலதான் கெடக்கு. தாடையில கம்பி. எடது காது இனிமே கேக்காதாம். போலீசா? போனேனே. குடும்ப விஷயம், பேசித் தீத்துக்கங்கன்னு சொன்னாங்க. சரி, பேசுவோம்னு வந்துட்டேன். மாப்ள சொல்லி வுட்டுருக்காரு, ஆஸ்பத்திரிலேருந்து நேரா என் வூட்டுக்குத்தான் வரணும், மிச்சத்த அங்க வச்சுக்கறேன்னு. இது பேச முடியாம சீட்டுல எழுதிக் காட்டுது, அண்ணே, அடுத்த மாசம் பரிச்சன்னு.

அதான் நேத்து வேற நம்பர்லேருந்து மாப்ளைக்கு ஒரு ஃபோனப் போட்டேன். அந்த வெள்ளக்காரன் கொரல்லயே. மொதல்ல ஒரு க்ஹ்ராஅ. அப்பறம் தமிழ்ல, நான்தான்டா அவன், ஆம்பளையா இருந்தா நாளைக்கு நாகூர் பஸ்ல ஏறு, கடேசி சீட்டுல இருப்பேன்னேன். நம்பிட்டாருண்ணே! என்னா வசவு வஞ்சாருங்குறீங்க.

மடியிலயா? வாழத்தாரு வெட்டுற அருவாதான். சாக்கு சுத்திருக்கேன், ஒங்க மேல படாது.

இந்தா, நெரவி ஸ்டாப்பு வந்துருச்சு. சேப்புச் சட்ட போட்டுக்கிட்டு மொறச்ச மேனிக்கு ஏறுறாரு பாருங்க, அவருதான். அண்ணே, நீங்க பாப்பாவத் தூக்கிக்கிட்டு முன்னாடி போயிருங்க. வெள்ள வேட்டி வேற கட்டிருக்கீங்க.