மூணாவது தடவையும் ஃபெயில்

வேணாம் தம்பி, அப்பீல் கிப்பீல் ஒண்ணும் போடாதீங்க. போனை உள்ள வைங்க லா. கோப்பி ஆறிப்போவுது, முதல்ல குடிங்க.

எனக்கும் தெரியுது. ஒரே டீம், ஒரே பாக்ஸ், ரெண்டு பேரும் சேர்ந்துதான் செஞ்சோம். உங்களுக்கு பாஸ், எனக்கு ஃபெயில். உங்க இடத்துல இருந்தா நானும் இப்படித்தான் குதிச்சிருப்பேன். ஆனா என் மண்டையோட லட்சணம் உங்களுக்கு முழுசாத் தெரியாது, இளமாறன். நீங்க இந்த பேட்ச்லதானே வந்தீங்க. நான் இதே ஃபுட் சப்ளை கோர்ஸ்ல மூணாவது தடவை. இந்த தெம்பனிஸ் டிரெய்னிங் சென்டர்ல கூட்டுற ஆன்ட்டி, என்னை ஸ்டாஃப்னு நினைச்சுக்கிட்டு வாராவாரம் குட்மார்னிங் சொல்லுது.

முதல் தடவை நிஜமாவே ஃபெயில். தேக்கா மார்க்கெட்ல காலங்காலமா காய்கறி விக்கிறவனைப் பிடிச்சு, புதுசா ஏதாச்சும் யோசிங்கன்னாங்க. நானும் யோசிச்சேன். மலேசியாவுலேருந்து சிங்கப்பூருக்கு வர்ற வெண்டைக்காயை பிளாஸ்டிக் பாக்ஸ்ல போட்டு சீல் பண்ணிட்டேன். மேல ஒரு கியூஆர் கோடு. ஸ்கேன் பண்ணா எந்தத் தோட்டம், என்னிக்குப் பறிச்சதுன்னு எல்லாம் வரும். நம்ம ஆளுங்க வந்தாங்க, பாக்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க, வச்சிட்டுப் போயிட்டாங்க. நுனியை உடைச்சுப் பார்க்காம எவன் வெண்டைக்காய் வாங்குவான்? இது எனக்குத் தெரியாதா? தெரியும். கோர்ஸுக்குப் போனதும் மறந்துபோச்சு.

அன்னிக்கு வீட்டுல வெண்டைக்காய்ப் பொரியல். நம்ம பாக்ஸா கமலான்னு பெருமையாக் கேட்டேன். இல்லையாம், பக்கத்துக் கடை ரவூப் பாய்கிட்ட வாங்கினாளாம். அவர் உடைச்சுப் பார்க்க விட்டாராம். கட்டின பொண்டாட்டி லா, வேற யாரைச் சொல்றது.

ரெண்டாவது தடவை, கீரை வைக்கிற கூலிங் பெட்டிக்கு அலாரம் மாட்டினேன். சூடு ஏறினா கத்தும்னு சொன்னாங்க. சொன்ன மாதிரியே கத்திச்சு. சத்தம் தாங்க முடியலைன்னு நானே வயரைப் பிடுங்கிட்டேன். கீரை பூராவும் அவிஞ்சுபோச்சு.

இந்தத் தடவைதான் உங்க புண்ணியத்துல உருப்படியா ஒண்ணு வந்துச்சு. மூடியில ஒரு ஓட்டை, அது வழியா ஒரே ஒரு வெண்டைக்காய் மட்டும் வெளியே நீட்டிக்கிட்டு. வேணும்ங்கிறவங்க அதை உடைச்சுப் பார்த்துக்கட்டும். கிளாஸே கை தட்டுச்சு. ரோஷினி மேடம் சட்டுன்னு போர்டு பக்கம் திரும்பிக்கிட்டாங்க, கவனிச்சீங்களா? சிரிப்பு வந்துடுச்சு அவங்களுக்கு.

மேடத்துக்கு என் மேல கோவமா? ச்சே, எதுக்கு. ஆமா, மத்தவங்களை எல்லாம் அங்கிள் ஆன்ட்டிங்கிறாங்க, என்னை மட்டும் மிஸ்டர் தனசேகரன். இருக்கட்டும். கேள்வி கேட்டா பதில் சொல்லிடுறாங்கல்ல? சொல்லித்தானே ஆகணும், டிரெய்னராச்சே. அதான் நான் நிமிஷத்துக்கு ஒரு தரம் கையைத் தூக்குவேன். தெரிஞ்சதையே கேட்பேன். உங்களுக்கே எரிச்சலா இருந்திருக்கும், பாவம்.

இப்ப நீங்க கம்ப்ளைன்ட் பண்றீங்கன்னு வைங்க. ஆபீஸ்ல என்ன செய்வாங்க? மேடத்தைக் கூப்பிட்டுக் கேள்வி கேப்பாங்க. என்னை பாஸ் ஆக்கிடுவாங்க. பாஸ் ஆனவன் திரும்ப இந்தக் கோர்ஸ்ல சேர முடியாது தம்பி. அதுதான் எனக்கு பயம்.

என்ன அப்படிப் பார்க்குறீங்க? என் மகதான் லா. ஆமா, ரோஷினி. வயசாயிடுச்சு, கடையை மூடிட்டு வீட்டுல இருங்கன்னா. முடியாதுன்னேன். பிடிவாதத்துல அவ என்னை அப்படியே உரிச்சு வச்சிருக்கா. ரெண்டு வருஷமாப் பேச்சு இல்லை. வீட்டுக்கு வந்தாலும் அவங்கம்மாகிட்ட பேசிட்டு அப்படியே போயிடுவா. சனிக்கிழமை இங்க வந்தாத்தான் அவ வாயிலேருந்து எனக்குன்னு நாலு வார்த்தை கிடைக்கும்.

போன தடவை நானா வேணும்னுதான் வயரைப் பிடுங்கி ஃபெயில் ஆனேன். இந்தத் தடவை அப்படி இல்லை. கடைசி வரைக்கும் எல்லாத்தையும் சரியாத்தான் செஞ்சேன், நீங்கதான் சாட்சி. இந்த ஃபெயிலை அவளேதான் போட்டிருக்கா. போட்டுட்டு, கிளாஸ்ல என்கிட்ட இங்கிலீஷ் மட்டுமே பேசுறவ, கிட்ட வந்து, அடுத்த பேட்ச் ஜூலையில, சீட் சீக்கிரம் ஃபுல் ஆயிடும்னு தமிழ்ல சொன்னா.

நான் அப்பவே பேர் கொடுத்துட்டேன்.