பால்மா டின்னில் திருப்பிப் போட்ட சீட்டு

"படு! மெர்லின், படு! தலையைத் தூக்காதை!"

கத்தியது நான். மகளின் பிடரியைப் பிடித்து நாற்காலிக்கு அடியில் அழுத்துகிறேன். அவள் மேல் விழுந்து கிடக்கிறேன். எண்ணுகிறேன். ஒன்று. இரண்டு. மூன்று. தூரத்தில் குத்துகிற சத்தம், ஏவுகிற சத்தம், கேட்டால் பதினொன்றில் ஷெல் விழும். இது நான்கிலேயே வெடித்தது. பிறகு நிற்காமல் வெடித்தது. படபடவென்று, ஒரே இடத்தில். ஷெல் இப்படி வெடிக்காது. எனக்குத் தெரிகிறது. உடம்புக்குத் தெரியவில்லை.

கோவிலம்பாக்கம். ஞாயிற்றுக்கிழமை, காலை 10.50. ஹார்டுவேர் கடைக்கு மேல் மாடியில் எங்கள் சபை கூடுகிற ஹால். நான் எப்போதும் கடைசி வரிசையில், படிக்கட்டுக்குப் பக்கத்தில் உட்காருவேன். ஜன்னல் ஓரம் உட்காரமாட்டேன். கீழேயிருந்து கடைக்கார பாய் ஓடி வந்தார். வந்தவர் என்னைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வெடிதான்க்கா அது. சாவு போவுது தெருவுல. பயப்படாதக்கா."

இந்த ஊரில் செத்தவரை வெடி வெடித்து வழியனுப்புகிறார்கள். வந்து பதினைந்து வருடமாகிறது. இன்னும் பழகவில்லை. எழுந்தேன். புடவையைச் சரிசெய்தேன். நாற்பது பேர் என்னைப் பார்க்காத மாதிரி பார்த்தார்கள். வெட்கமாக இருந்தது.

அன்று போதகர் பேசிக்கொண்டிருந்தது ஆறாவது பாடம். கடவுளின் மாறாத குணங்கள் என்று ஏழு ஞாயிறு வைத்திருந்தார். எங்கும் இருக்கிறவர். எல்லாம் வல்லவர். பரிசுத்தர். நீதியுள்ளவர். அன்பானவர். ஆறாவது, எல்லாம் அறிந்தவர். ஏழாவது, மாறாதவர். ஆறு வாரமும் நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். பக்தி என்று நினைத்துவிட வேண்டாம். போர் முடிந்த பிறகு என்னை நிறையப் பேர் விசாரித்திருக்கிறார்கள். ஒரே கேள்வியை வேறு வேறு நாளில் கேட்பார்கள். பதில் மாறினால் மாட்டினோம். அந்த முறையில்தான் நானும் கடவுளை விசாரித்தேன்.

எங்கும் இருக்கிறவர் என்றால் அந்த வியாழக்கிழமையும் அங்கே இருந்திருக்கிறார். எழுதிக்கொண்டேன். எல்லாம் வல்லவர் என்றால் தடுத்திருக்க முடியும். எழுதிக்கொண்டேன். எல்லாம் அறிந்தவர் என்றால் நான் செய்ததும் தெரியும். அதை எழுதவில்லை.

ஆராதனை முடிந்து டீ கொடுத்தார்கள். போதகர் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். சின்ன வயசுக்காரர். என்னை அக்கா என்பார். அடுத்த வாரம் நான் சாட்சி சொல்ல வேண்டுமாம். போரிலிருந்து கர்த்தர் காப்பாற்றிய கதையை.

எனக்கு உடனே சந்தேகம். மூன்று வருடமாகக் கேட்காதவர் ஏன் இப்போது கேட்கிறார்? அதுவும் மாறாதவர் என்கிற பாடத்துக்கு? யார் போட்டுக் கொடுத்தது? டீயை அப்படியே வைத்துவிட்டேன். எங்கள் சபையில் சாட்சி என்றால் எனக்குத் தெரியும். மகனுக்கு ஒரகடத்தில் வேலை கிடைத்தது, ஸ்தோத்திரம். படப்பை மனைக்குப் பட்டா வந்தது, ஸ்தோத்திரம். வேலை கிடைக்காதவர் மைக்கைப் பிடித்து நான் பார்த்ததில்லை.

"அம்மாவால முடியாது பாஸ்டர், நான் சொல்றேன்," என்றாள் மெர்லின். "எங்க அப்பாவோட வசனம் என்கிட்டதான் இருக்கு."

பைபிளுக்குள்ளிருந்து எடுத்தாள். தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு கடையில் கொடுத்து லேமினேட் செய்து வைத்திருக்கிறாள். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம். இரண்டு விரல் அகலம். ஊதா மையில் கையெழுத்து. வாதை உன் கூடாரத்தை நெருங்காது என்கிற அர்த்தத்தில் ஒரு வசனம்.

இனி சொல்வது இலங்கையில் போரின் கடைசி மாதங்கள். வன்னி.

வருடப்பிறப்பு ஆராதனையை அந்த முறை மாலை நான்கு மணிக்கே வைத்தார்கள். இருட்டினால் விளக்கேற்ற முடியாது. மேலே கிபிர் விமானம் சுற்றும். ஓலைக் கொட்டகைதான் தேவாலயம். அங்கே ஒரு வழக்கம். இங்கேயும் உண்டு. வருடத்தின் முதல் ஆராதனையில் வீட்டுக்கு ஒரு வாக்குத்தத்தச் சீட்டு எடுக்க வேண்டும். அந்தச் சீட்டில் வருகிற வசனம்தான் அந்த வீட்டுக்கு வருடம் முழுக்கக் கடவுள் சொன்ன சொல். அச்சடித்த அட்டை கிடைக்காத காலம். ஞாயிறு பள்ளி டீச்சர் காலண்டர் தாளை வெட்டிக் கையால் எழுதியிருந்தார். பால்மா டின்னில் போட்டுக் குலுக்கினார்.

எங்கள் வீட்டுக்கு நான் எடுத்தேன். என் கணவர் தவராசா பின்னால் நின்றார். தோளில் மெர்லின். அவளுக்கு ஐந்து வயது. மகன் யோசுவா என் பாவாடையைப் பிடித்துக்கொண்டிருந்தான். ஒன்பது வயது. சீட்டை மறைவாகப் பிரித்தேன்.

எழுந்து போங்கள் என்றது. இது நீங்கள் இளைப்பாறுகிற இடம் இல்லை என்றது.

அதற்குள் ஆறு முறை இடம் பெயர்ந்திருந்தோம். ஆறு முறையும் கூரைத் தகரத்தைக் கழற்றி, சைக்கிளில் கட்டி, தள்ளி, மறுபடி பதுங்க பங்கர் வெட்டி. என் உள்ளங்கையில் தோல் இல்லை. அந்த வசனத்தைப் பார்த்ததும் கோபம் வந்தது. உனக்கென்ன, சொல்வாய். வெட்டுவது யார்? சீட்டை மடித்தேன். டின்னுக்குள் திரும்பப் போட்டேன். அடியில் துழாவி இன்னொன்றை எடுத்தேன். டீச்சர் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார். யாரும் பார்க்கவில்லை.

இரண்டாவதுதான் இந்தச் சீட்டு.

தவராசா அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். குடும்ப அட்டை வைத்திருந்த உறைக்குள் பத்திரப்படுத்தினார். அந்த உறை எப்போதும் என் இடுப்பில் இருக்கும்.

மாசி மாதம். ஒரு புதன்கிழமை, பின்னேரம். சுற்றியிருந்தவர்கள் எல்லாம் கடற்கரைப் பக்கம் நகர்கிறார்கள். அறுபது எழுபது கூடாரம் இருந்த இடத்தில் ஒன்பது மிச்சம். ஆமி கிட்ட வந்துவிட்டது என்கிறார்கள். நான் பானைகளைக் கட்டத் தொடங்குகிறேன். தவராசா என் கையைப் பிடித்து நிறுத்துகிறார்.

"கட்டாதையும். எங்கட வீட்டுக்குக் கிடைச்ச வசனம் இருக்கு. நாங்கள் அசையத் தேவையில்லை."

சொல்லியிருக்கலாம். அது எங்கட வீட்டுக்குக் கிடைத்ததில்லை, நான் மாற்றி எடுத்தது என்று ஒரு வரி. சொன்னால் மறுபடி சைக்கிள். மறுபடி மண்வெட்டி. பானையை இறக்கி வைத்தேன். அன்றைக்கு எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் இந்தச் சாட்சியம் பொய்.

வியாழக்கிழமை. காலை 9.40. கஞ்சி கொடுக்கிற இடத்தில் வரிசை. குடும்ப அட்டை வேண்டும் என்பதால் நான் போனேன். தவராசாவும் யோசுவாவும், தவராசாவின் தங்கை சுகந்தியும் பங்கரில் இருந்தார்கள். மெர்லின் அழுததால் அவளையும் இடுப்பில் வைத்துக்கொண்டேன். பங்கருக்கும் வரிசைக்கும் இருநூறு காலடி தூரம். மேற்கே குத்துகிறது. "படு! படு!" என்று யாரோ. மெர்லினை மணலில் அழுத்துகிறேன். எண்ணுகிறேன். பதினொன்று. விழுந்தது. மறுபடி குத்துகிறது. பதினொன்று. மூன்றாவதும் பதினொன்று. மூன்றாவதற்குச் சத்தம் வேறு. மண்ணுக்குள் போய் வெடித்த சத்தம். தடித்த சத்தம். அது எங்கள் பக்கம்.

மெர்லினைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பங்கர் இருந்த இடத்தில் பங்கர் இல்லை. மேலே போட்டிருந்த பனங்குற்றிகள் இரண்டாகக் கிடந்தன. யோசுவாவின் ஒரு கால் செருப்பு வெளியே இருந்தது. அது தேயாமல் இருந்தது. தோண்ட விடவில்லை. மறுபடி குத்தியது. யாரோ என் தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார்கள். யார் என்று இன்றுவரை தெரியாது.

இப்போது ஏழாவது ஞாயிறு. கோவிலம்பாக்கம். காலை 10.30. வெடிச் சத்தம் இல்லை. போதகர் சொல்கிறார், மனிதன் நாளுக்கு நாள் மாறுவான், கடவுள் மாறுவதில்லை, நேற்று எப்படியோ இன்றும் அப்படியே. எல்லோரும் ஆமென் சொல்கிறார்கள். நான் யோசிக்கிறேன். ஒரு மனிதனென்றால் அவனுக்காகப் பேசலாம். அப்போது அப்படி இருந்தான், இப்போது திருந்திவிட்டான் என்று. இவருக்கு அந்த வழியும் இல்லை. ஒரகடத்தில் வேலை வாங்கிக் கொடுத்தவரும், அந்த வியாழக்கிழமை அங்கே இருந்தவரும் ஒரே ஆள். இதற்கு எப்படி ஆமென் சொல்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

மெர்லின் மைக்கை வாங்கினாள். சீட்டைத் தூக்கிக் காட்டினாள். அப்பா இந்த வசனத்தை நம்பினார், எல்லோரும் ஓடினபோதும் ஓடவில்லை, விசுவாசத்தில் செத்தார், அதனால்தான் நானும் எதற்கும் அசையமாட்டேன் என்றாள். அவள் குரல் அப்படியே தவராசாவின் குரல். நானும் அசையமாட்டேன் என்கிறாள். ஒருவரை அந்தச் சீட்டு உட்கார வைத்தது போதும்.

எழுந்தேன். கடைசி வரிசையிலிருந்தே சொன்னேன். மைக் வேண்டியிருக்கவில்லை.

"அது எங்களுக்கு வந்த வசனம் இல்லை. எங்களுக்கு வந்ததை நான் திருப்பிப் போட்டிட்டன்."

டின். டீச்சர். புதன்கிழமை. பானை. எல்லாம் சொன்னேன். மெர்லின் மைக்கைக் கீழே இறக்காமல் கேட்டாள்.

"மொத சீட்டுல என்னம்மா இருந்துச்சு?"

சொன்னேன். எழுந்து போங்கள் என்று இருந்தது.

அவள் மைக்கை நாற்காலியில் வைத்துவிட்டுப் படிக்கட்டில் இறங்கிப் போனாள்.

போதகர் என் அருகே வந்து நின்றார். அவரிடம் என் கேள்வியைக் கேட்டேன். முதல் சீட்டு கடவுளின் சொல் என்றால், நான் திருப்பிப் போடுவேன் என்று தெரிந்தே ஏன் என் கையில் வைத்தார்? இரண்டாவதும் அதே வேதத்திலிருந்து எழுதியதுதானே, அது ஏன் பொய்யானது? அவர் மாறாதவர் என்றால் இரண்டில் எதில் மாறவில்லை? ஏதாவது தேன் தடவின பதில் வரும் என்று காத்திருந்தேன். வந்தால் அந்த ஹாலுக்குத் திரும்ப வந்திருக்க மாட்டேன்.

"தெரியலக்கா," என்றார். மறுபடி, "நிஜமா எனக்குத் தெரியல," என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. இந்த ஊரில் நான் சந்தேகப்படாத முதல் பதில் அது.

வீடு. மதியம் 1.20. மெர்லின் சீட்டை மேசைமேல் வைத்தாள். அழுது முடித்திருந்தாள்.

"அப்ப இது யாருதும்மா?"

அந்தக் கேள்வி எனக்கு இத்தனை வருடமும் தோன்றவில்லை. என் வீட்டுக்கு வந்த சீட்டைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தச் சீட்டை எடுத்திருக்க வேண்டிய வீடு ஒன்று இருந்திருக்கும். எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற ஏதோ ஒரு வீடு. அவர்கள் கையில் என்ன வந்தது? நான் போட்டதா? எழுந்து போனார்களா? அவள் காத்திருந்து பார்த்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

எண்ணி எழுதுகிறேன். மறக்கக் கூடாது.

தவராசா, முப்பத்தெட்டு வயது. யோசுவா, ஒன்பது. தவராசாவின் தங்கை சுகந்தி, இருபத்து நான்கு. மூன்று பேர். மூவருக்கும் புதைகுழி இல்லை. பங்கர்தான்.

கைத் தையல் மெஷின் ஒன்று. சைக்கிள் ஒன்று. தகரம் பதினாறு. யோசுவாவின் பள்ளி ரிப்போர்ட். கல்யாணப் படம், இருந்தது ஒரே ஒரு பிரதி. தேயாத செருப்பு, ஒரு கால்.

சீட்டு இரண்டு. ஒன்று நான் வேண்டாம் என்று போட்டது. ஒன்று இன்னொருவருடையது. அது இன்னும் மேசைமேல் கிடக்கிறது. இருவரும் அதைத் தொடவில்லை.

உயிரோடு இருப்பவர்கள் இரண்டு பேர். மெர்லின் வேலைக்குப் போகிறாள். வருகிறாள். நான் வைக்கிற சோற்றைச் சாப்பிடுகிறாள். அவள் என்னோடு பேசி இன்றோடு பத்து நாள். நான் எண்ணிக்கொண்டிருக்கிறேன். நாளைக்குப் பதினொன்று.