அம்மா வழிக் குலம்

மஸ்லினா: தொடாதீங்க அத்தை... 'தொடக் கூடாது'ன்னு போட்டிருக்கு பாருங்க.

ஜாவியா: ராஜா காலத்துத் தூண், நான் தொட்டா தேஞ்சா போயிடும்? அரண்மனை முழுக்க மரம். ஒரு ஆணி கூட அடிக்கலையாம்.

மஸ்லினா: ம்... ஹஸ்ரி ஏன் இன்னும் மேல வரலை?

ஜாவியா: கீழே கத்தியெல்லாம் வச்சிருக்காங்கல்ல, கண்ணாடிப் பெட்டியில... அதைப் பார்த்துட்டா என் மகனுக்குச் சோறு தண்ணி வேண்டாம். அதுவும் நல்லதுக்குத்தான்.

மஸ்லினா: எ... எதுக்கு நல்லது?

ஜாவியா: வேலை மெனக்கெட்டு உன்னை ஸ்ரீ மெனாந்திக்கு மியூசியம் காட்டவா கூட்டிட்டு வந்தேன்? ஒண்ணு கேக்கணும். உங்க அம்மா எந்தக் குலம்?

மஸ்லினா: நாங்க மலாக்கா பக்கம்னு சொன்னேனே... எங்களுக்குக் குலம் கிலம் எல்லாம்... அட, ராணி படுத்த கட்டில்! இவ்வளவு குட்டியா—

ஜாவியா: கட்டில் எங்கயும் ஓடாது. இந்தப் பக்கம் திரும்பு.

மஸ்லினா: ஹஸ்ரியைக் கூப்பிடட்டுமா?

ஜாவியா: கூப்பிடு. அவன் முன்னாலயே கேக்கறேன்.

மஸ்லினா: ...வேண்டாம்.

ஜாவியா: போன வாரம் ரெம்பாவ்ல எங்க குலத்துல ஒரு கல்யாணம். பந்தியில என் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டது யார் தெரியுமா? உங்க பெரியம்மா.

மஸ்லினா: ஐயோ...

ஜாவியா: 'என் தங்கச்சி பொண்ணுக்குக் கல்யாணம்'னு பெருமையா போட்டோ காட்டினாங்க. பார்த்தா நீ! எனக்குப் புரையேறிடுச்சு.

மஸ்லினா: நாங்களும் உங்க 'பத்து ஹம்பார்' குலம்தான் அத்தை. பழகி ஒரு வருஷம் கழிச்சுத்தான் எனக்கே தெரிஞ்சுது. சொன்னா அவன் போயிடுவான்னு பயம்...

ஜாவியா: அம்மா வழியில ஒரே குலம்னா அண்ணன் தங்கச்சி முறை. கட்டிக்கக் கூடாது. தெரியுமில்ல?

மஸ்லினா: தெரியாமலா? 'பிள்ளை செத்தாலும் சாகட்டும், வழக்கம் சாகக் கூடாது'ன்னு எங்க அம்மா நாளைக்கு நாலு தடவை சொல்வாங்க.

ஜாவியா: அப்ப அவங்க எப்படிச் சம்மதிச்சாங்க?

மஸ்லினா: உங்களை... ஜொகூர்க்காரங்க, குலமே பார்க்காதவங்கன்னு சொல்லி வச்சிருக்கேன்.

ஜாவியா: அடிப்பாவி! என்னை ஜொகூர்க்காரி ஆக்கிட்டியா?

மஸ்லினா: அவன்கிட்ட சொல்லிடாதீங்க அத்தை. நானே ஏதாவது காரணம் சொல்லி... விலகிக்கறேன்.

ஜாவியா: அழாதே. காவல்காரர் பார்க்கறார்.

மஸ்லினா: உங்களுக்கு என் மேல கோவமில்லையா?

ஜாவியா: கோவப்பட எனக்கு என்ன யோக்யதை இருக்கு? உன் பொய்க்கு ஒரு வயசு. என் பொய்க்கு இருபத்தெட்டு.

மஸ்லினா: உங்க பொய்யா... என்ன பொய்?

ஜாவியா: படியில சத்தம்... அவன்தான்.

மஸ்லினா: என்ன பொய் அத்தை? சொல்லுங்க, வந்துடுவான்!

ஜாவியா: அவன் என் வயித்துல பொறக்கலை, மஸ்லினா. அவங்க அப்பாவோட மொத தாரத்துப் பிள்ளை. அவ முங்கால் குலம். பெத்துப் போட்டுட்டுக் கண்ணை மூடிட்டா. நாப்பதாம் நாள் நான் கையில வாங்கினேன்... அவனுக்கு இது தெரியாது. நீங்க ரெண்டு பேரும் தாராளமா கட்டிக்கலாம். நான் அவனுக்கு அம்மா இல்லைன்னு என் வாயால அவன்கிட்ட சொல்லிட்டேன்னா போதும்.