கோணமூக்கு உள்ளான்: ஒரு பதிவுத் திருத்தம்

காவல் ஆய்வாளர் ஐயாவுக்கு,

கூட்டம் என்றால் வந்தவர் பெயரையும் உட்கார்ந்த இடத்தையும் முதலில் எழுத வேண்டும் என்று கோம்பைப் பள்ளிக்கூடத்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அப்படியே எழுதுகிறேன்.

சென்ற ஞாயிறு, செங்குளம் கண்மாய்ப் பறவைக் காப்பகத்தின் தகரக் கொட்டகையில் எங்கள் பறவை நோக்கர் குழு கூடியது. நடு நாற்காலியில் தலைவர் முத்துராஜா. அவருக்கு வலப்பக்கம் ஞானபாக்கியம் டீச்சர். முன்பெஞ்சில், இறந்துபோன ஜோஷ்வாவின் மனைவி ஜாய்ஸ். வாசலோரம் கால் ஆடுகிற ஸ்டூலில், இருபத்திரண்டு வருஷமாகப் பதிவேடு எழுதிவரும் வைகுண்டராஜ் ஆகிய நான். ஜோஷ்வாவுக்கு இரங்கல் கூட்டம்.

ஜோஷ்வாவுக்குப் போடி பஜாரில் பெயிண்ட் கடை. கைப்பிள்ளையைப் போலக் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைவார். பறவையைக் கண்ணால் பார்த்தது கிடையாது. வீட்டுக்குப் போய்த் திரையில்தான் பார்ப்பார். அவரைத்தான் குழு கொண்டாடியது.

டிசம்பர் 14 அன்று அந்தக் கண்மாயில் கோணமூக்கு உள்ளானைக் கண்டேன். கறுப்பு வெள்ளை உடம்பு, நுனி மேலே வளைந்த மூக்கு. எங்கள் பதிவேட்டில் அதுவரை ஏறாத பறவை.

“போட்டோ எங்கன சார்?” என்றார் ஜோஷ்வா.

“ரெண்டு கண்ணால பாத்தேன்.”

“சார் பச்சைக்காலியப் பாத்துட்டு வந்திருக்காக. டீச்சர், முதல்ல இவுகளுக்குக் கண்ணாடிய மாத்திவிடுங்க.”

பச்சைக்காலி எந்தக் குட்டையிலும் நிற்கும். டீச்சரும் சிரித்தார். முத்துராஜா என் வரியைச் சிவப்பு மையால் அடித்தார். போட்டோ இல்லாத பறவை பட்டியலில் ஏறாது என்று அன்றே விதி போட்டார்கள். விதி என்றால் எனக்கு மரியாதை உண்டு.

மேற்குக் கரையில் வண்டல் அள்ளிய பள்ளம் இருக்கிறது. மேலே காய்ந்து தரைபோலத் தெரியும். அடியில் ஆளை விழுங்கும் சகதி. ஆள் இறங்காமலிருக்கக் காப்பகத்துக் காவலர் சிவப்புத் துணி கட்டிய நான்கு கம்புகளை அங்கே நட்டிருந்தார். ஜனவரி 8 மாலை நான்கையும் பிடுங்கினேன். சிவப்பு நிறம் பறவைகளுக்கு இடைஞ்சல். பிறகு ஜோஷ்வாவைப் போனில் கூப்பிட்டு, மேற்குக் கரையில் கோணமூக்கு நிற்கிறது, விடிந்ததும் கிட்டப் போனால் நல்ல போட்டோ கிடைக்கும் என்றேன்.

மறுநாள் 6.35க்கு இறங்கினார். 6.39க்கு முழங்கால். 6.50க்கு இடுப்பு. கேமராவைத் தலைக்கு மேலே பிடித்திருந்தார். அதைப் போட்டிருந்தால் நாணலையாவது பற்றியிருக்கலாம். கரையில் என்னைக் கண்டு, “சார், கயிறு, கயிறு” என்று கத்தினார். அந்தச் சத்தத்தில் பதினொரு நெடுங்கால் உள்ளான்கள் எழுந்து பறந்துவிட்டன. பழகிய பறவை நோக்கர் சத்தம் போடமாட்டார். 7.11க்கு அமைதி. நேரமெல்லாம் குறிப்பேட்டில் இருக்கிறது.

தவறி விழுந்தார் என்று ஊரும் சொன்னது, உங்கள் நிலையமும் எழுதிக்கொண்டது. நானும் அத்தோடு விட்டிருப்பேன்.

ஆனால் இறங்குவதற்கு முன்பே அவர் குழுவின் வாட்ஸப்பில் போட்டிருக்கிறார்: “கோணமூக்கு உள்ளான், மேற்குக் கரை. பாத்துட்டேன். போட்டோ வருது.” அங்கே அன்று அப்படி ஒரு பறவையே இல்லை. தகவல் சொன்ன என் பெயரும் இல்லை.

இரங்கல் கூட்டத்தில் அதை வாசித்துவிட்டு, அவர் பெயரிலேயே பதிவோம் என்றார் முத்துராஜா.

“போட்டோ இல்லையே,” என்று நான் வாசலிலிருந்து கேட்டேன்.

“செத்தவுககிட்டப் போயி போட்டோ கேப்பீகளா சார்?” என்றார் டீச்சர்.

ஜாய்ஸ் அழுதார். பதிவேட்டை என்னிடமே நீட்டினார்கள். ‘முதல் கோணமூக்கு உள்ளான். கண்டவர்: ஜோஷ்வா’ என்று என் கையாலேயே எழுதினேன்.

அது பொய்ப் பதிவு. ஜோஷ்வாவைக் கொன்றது நான். ஆகவே அங்கே பறவை இல்லை என்பதற்கு என்னைவிட நல்ல சாட்சி கிடையாது. அந்த வரியை அடித்துவிட்டு, டிசம்பர் 14 என்கிற என் வரியைத் திரும்ப எழுத ஆவன செய்ய வேண்டுகிறேன்.

இதை இரண்டு பிரதியாக எழுதி உறைகளை ஒட்டுகிறேன். தங்களுக்குரியதைச் சாதாரணத் தபாலில் போடுகிறேன். மாநிலப் பறவைப் பட்டியல் குழுவுக்குரியதை மட்டும் ஸ்பீடு போஸ்டில், கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கும்படி அனுப்புகிறேன். அது வழியில் தவறிவிடக் கூடாது.