களஞ்சியத்துக்குக் கிடைத்த பரிசு

பாபநாசத்தில் ஐந்து கிலோ அரிசிப் பையோடு பேருந்தில் ஏறிய பெண், எனக்கு முன் இருக்கையில் இருந்த, தனக்குத் தெரிந்த ஓர் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“ஒரே கேள்விதான்க்கா. பதில் சொன்னதும் இதைக் கையில குடுத்துட்டாங்க.”

“யாரு?”

“புதுசா தொறந்த சூப்பர் மார்க்கெட்ல. மைக்க நீட்டி, தமிழ்நாட்டோட நெற்களஞ்சியம் எதுன்னாங்க. தஞ்சாவூருன்னேன். எல்லாரும் கை தட்டுனாங்க.”

“ஒங்க நெல்லு என்னாச்சு?”

“கொள்முதல் நிலையத்து வாசல்ல நனைஞ்சுகிட்டுக் கெடக்கு. வீட்டுக்காரரு தார்ப்பாய் போட்டுக் காவல் இருக்காரு.”

அக்கா பையைத் திருப்பிப் படித்தார்.

“கர்நாடகா பொன்னின்னு போட்டிருக்கு.”

“ஆமாக்கா.”

“சரி விடு. கேட்டப்ப தண்ணியாத் தரலேன்னாலும், இப்ப அரிசியாவாவது தந்தாங்களே.”