ஏழாம் நம்பர் வண்டியின் சக்கரம்

சேக் பரீத்: அதெல்லாம் ஒட்டு நிக்காது தாயி. டயர மாத்தணும்.

நாகஜோதி: சக்கரத்த இன்னும் திருப்பியே பாக்கலயே மாமா.

சேக் பரீத்: முப்பத்தஞ்சு வருசமா இதே கடையில பஞ்சர் ஒட்டுறேன். தூரத்துலருந்தே தெரியும்.

நாகஜோதி: எந்தப் பக்கம் ஓட்டைன்னும் தூரத்துலருந்தே தெரியுமாக்கும். சும்மா கேட்டேன். பாருங்க.

சேக் பரீத்: நீயேவா கழட்டி உருட்டிட்டு வந்த?

நாகஜோதி: பின்ன, அதுவா நடந்து வரும்.

சேக் பரீத்: ஸ்டெப்னிய மாட்டிட்டுப் போக வேண்டியதுதான.

நாகஜோதி: அதுவும் போச்சு.

சேக் பரீத்: ரெண்டுமா... எப்படி?

நாகஜோதி: கல்லுக் குத்திருச்சு.

சேக் பரீத்: ஸ்டெப்னி ஜீப்புக்குப் பின்னாடி மேல தொங்குது. கல்லு ஏறிப் போயிக் குத்துச்சா?

நாகஜோதி: எங்க தெருக் கல்லு அப்படி.

சேக் பரீத்: கேலி பண்ற நேரமா இது... தேனிக்குப் போன் போடுறேன். மத்தியான பஸ்ல டயர் போட்டு விடுவாக.

நாகஜோதி: எட்டு மணிக்கு ஜீப்பு ஸ்டாண்டுல கணக்கு எழுதுற சீனிச்சாமி வரிசை நோட்ட மூடிருவாரு.

சேக் பரீத்: நாளைக்குப் போ.

நாகஜோதி: ஏழாம் நம்பர்ல ஓட்டுன எங்க வீட்டு ஆளு போய்ச் சேந்து இன்னைக்கு முப்பதாம் நாளு. முப்பது நாளு வண்டி நிக்கலேன்னா அந்த நம்பரு வெயிட்டிங்ல முதல்ல நிக்கிற ஆளுக்கு. அதான ஸ்டாண்டு வழக்கம். உங்களுக்குத் தெரியாததா?

சேக் பரீத்: ...தெரியும்.

நாகஜோதி: வெயிட்டிங்ல முதல்ல நிக்கிறது நௌஷாத் தம்பின்னும் தெரியும்ல.

சேக் பரீத்: என் மகன ஏன் இழுக்குற?

நாகஜோதி: பேரச் சொன்னேன். இழுக்கல.

சேக் பரீத்: முப்பது கும்பிடாம வாசப்படி தாண்டுறது... உன் மாமியா ஒண்ணும் சொல்லலயா?

நாகஜோதி: சொன்னாக. சாயந்தரம் வந்து கும்பிடுறேன்னுட்டேன். எங்க வீட்டு ஆளு போட்டோவுக்கு மால போட்டு வச்சா வண்டி ஓடுமா மாமா?

சேக் பரீத்: பொம்பள ஓட்டுற வண்டியில மேகமலைக்கு யாரு ஏறுவா?

நாகஜோதி: எஸ்டேட்டுப் பொம்பளைக ஏறுவாக. அவுக இருக்கையிலயே கேட்டாக, எப்ப நீ ஓட்டப் போறன்னு.

சேக் பரீத்: உனக்குப் பதிலு மட்டும் குறையாது.

நாகஜோதி: சக்கரந்தான் குறையுது. ஒட்டுங்க.

சேக் பரீத்: ஓட்டை பக்கவாட்டுல இருக்கு. பக்கவாட்டுல ஒட்டு நிக்காதுன்னு சின்னப் புள்ளைக்கும் தெரியும்.

நாகஜோதி: உள்ள பழைய டயர்த் துண்டு வச்சு, டியூப் போட்டுக் குடுப்பீகளே. எத்தன பேருக்குக் குடுத்திருக்கீக.

சேக் பரீத்: அது ஊருக்குள்ள குப்பை இழுக்குற வண்டிக்கு.

நாகஜோதி: ஸ்டாண்டு வரைக்கும் போகுமா, போகாதா?

சேக் பரீத்: போகும்... அதோட நிக்குமா? புதுசா நம்பர்ல வந்து நிக்கிற வண்டிக்குத்தான் முத ட்ரிப்பு. முடியாதுன்னா நம்பரே போச்சு. அதுவும் வழக்கந்தான்.

நாகஜோதி: வந்தா ஏத்திட்டுப் போவேன்.

சேக் பரீத்: எங்க? அந்த வளைவுலயா? பாதி மலை ஏறுறதுக்குள்ள சூடேறி வெடிக்கும் ஜோதி. எட்டு உசுரு உள்ள உக்காந்திருக்கும்.

நாகஜோதி: என்னோட ஒம்பது. குத்துனவுக கணக்குல சேரட்டும்.

சேக் பரீத்: அப்படிப் பேசாத.

நாகஜோதி: வேற எப்படிப் பேச? இங்கன பாருங்க. கல்லு இல்லன்னு எனக்கும் தெரியும். கத்தின்னா கீறி இருக்கும். ஆணின்னா சின்னதா இருக்கும். இது வட்டமா, உள்ள ராவி விட்ட தடத்தோட இருக்கு. அவுக வண்டியில ஒரு ஊசி வச்சிருந்தாக. ஒட்டுப் போடுறதுக்கு முந்தி ஓட்டைய ராவுறதுக்கு.

சேக் பரீத்: ...ஆமா. நாந்தான் வாங்கிக் குடுத்தேன் உன் புருசன் முத்துராமலிங்கத்துக்கு.

நாகஜோதி: அவுக ஊசி என் வீட்டுல பத்திரமா இருக்கு. ஊருக்குள்ள வேற எங்கெங்க இருக்கு மாமா?

சேக் பரீத்: பஞ்சர்க் கடையில எல்லாம் இருக்கும்.

நாகஜோதி: எத்தன கடை?

சேக் பரீத்: நாலு.

நாகஜோதி: அந்த நாலுல, நம்பருக்குக் காத்துக் கெடக்குற மகன் எத்தன கடைக்காரவுகளுக்கு இருக்கு?

சேக் பரீத்: டீ சொல்லட்டா?

நாகஜோதி: வேணாம்.

சேக் பரீத்: நாலு வருசமாக் காத்துக் கெடக்கான் தாயி. கடன ஒடன வாங்கி வண்டி எடுத்துக் குடுத்தேன். ரோட்டோரம் நிப்பாட்டுனா ஸ்டாண்டுக்காரக வெரட்டுறாக. எவனாச்சும் போயிச் சேந்தாத்தான் ஒருத்தனுக்கு நம்பர். அதுக்காக எவனும் சாகணும்னு நான் ஒரு நாளும்...

நாகஜோதி: தெரியும். அவுகளத் தூக்குன நாலு பேருல நீங்களும் ஒருத்தரு. தோளு மாத்தாம சுடுகாடு வரைக்கும் தூக்குனீகன்னு சொன்னாக.

சேக் பரீத்: உனக்கு என்ன... படிச்சிருக்க. தையல் தெரியும். கடைகண்ணில உக்காந்தாலும் பொழச்சுக்குவ. அவனுக்கு ஸ்டியரிங்க விட்டா ஒண்ணும் தெரியாது.

நாகஜோதி: எனக்கும் ஸ்டியரிங்தான் பிடிச்சிருக்கு. அவுக ஓடைப்பட்டி ரோட்டுல உக்காத்தி வச்சுக் கத்துக் குடுத்த அன்னைக்கே பிடிச்சுப் போச்சு. புருசன் போயிட்டா பிடிச்சதும் போயிருமா? மணி ஏழு இருவத்தஞ்சு. ஒட்டுறீகளா, இல்லையா?

சேக் பரீத்: ஒட்ட மாட்டேன்.

நாகஜோதி: அப்ப டியூபக் குடுங்க.

சேக் பரீத்: எதுக்கு?

நாகஜோதி: நானே போட்டுக்கிறேன்.

சேக் பரீத்: ஏ புள்ள... அந்த டயர் கழட்டுற லிவர எடுக்காத. கையி நசுங்கிரும்.

நாகஜோதி: நசுங்கட்டும். இன்னொரு கையி இருக்கு.

சேக் பரீத்: பிடிவாதம் பிடிக்காத. என் கடையிலருந்து இந்தச் சக்கரம் இப்படி மலையேறக் கூடாது. இத்தன வருசத்துல என் ஒட்டு ஒண்ணு நடுவழியில விட்டதில்ல.

நாகஜோதி: ஒட்டு விட்டதில்ல... சரி. இந்த ஓட்டைக்கு என்ன சொல்றீக?

சேக் பரீத்: லிவரக் குடு.

நாகஜோதி: தள்ளுங்க மாமா. வெளிச்சத்த மறைக்கிறீக. தள்ளுங்க.

சேக் பரீத்: ...கீழ வையி.

நாகஜோதி: மாட்டேன்.

சேக் பரீத்: கீழ வையின்னு சொல்றேன்ல. கடைக்குப் பின்னால நௌஷாத் வண்டி நிக்குது. அதுவும் உன் வண்டி மாதிரி ஜீப்புதான், ஒரே சைஸ். பின் சக்கரத்தக் கழட்டி மாட்டிட்டுப் போ. போன மாசம் போட்ட டயரு. மல தாங்கும்.

நாகஜோதி: தம்பி வண்டி?

சேக் பரீத்: இன்னைக்கு மூணு கால்ல நிக்கட்டும்.

நாகஜோதி: தம்பி குத்துனதுக்குத் தம்பி சக்கரமா... சரியாப் போச்சு.

சேக் பரீத்: அவனச் சொல்லாத.

நாகஜோதி: ஏன் சொல்லக் கூடாது? ஸ்டாண்டுலயே வச்சுச் சொல்லுவேன். அத்தன பேரு முன்னாடியும்.

சேக் பரீத்: சொல்லாத தாயி... அவன் குத்தல.

நாகஜோதி: பின்ன யாரு மாமா?

சேக் பரீத்: ...நாந்தான்.

நாகஜோதி: தெரியும். விடிஞ்சதும் தம்பி வந்து என் வாசல்ல நின்னு அழுதுச்சு. நீங்க கடைக்குள்ள ஊசியத் திருப்பி வச்சதப் பாத்திருக்கு. எங்க அத்தா வாயால சொல்ற வரைக்கும் எந்திரிக்காதீக அக்கா, சொன்னப்புறம் எஞ்சக்கரத்த மாட்டிட்டு வாங்கன்னு சொல்லிட்டு, சீனிச்சாமி நோட்ட மூட விடாம ஸ்டாண்டுல போயி நிக்குது. வாங்க, ஜாக்கியப் பிடிங்க.