அஞ்சாவது சுத்து

இல்ல சார், எனக்கு இது இன்டர்வியூல முதல் சுத்து இல்ல, அஞ்சாவது. ஆமா, ஒரே வேலைக்குத்தான். ஒரு கல்யாணத்த முடிவு பண்ணக்கூட இத்தனை தடவை உக்கார மாட்டாங்க.

முதல்ல போன்ல ஒருத்தி பேசினா. புரோகிராம் எழுதி எத்தனை வருஷம்னு கேட்டா. பத்தொன்பதுன்னேன். அவ ஃபார்ம்ல பத்துக்கு மேல கட்டமே இல்லையாம், பத்துன்னு போட்டுக்கிட்டா. ஒம்பது வருஷம் காத்துல போச்சு.

அடுத்தது வீட்லயே எழுதற பரீட்சை. கேமரா நம்மளையே முறைச்சுப் பாத்துட்டிருக்கும். எம் பொண்ணு கதவைத் திறந்து, அம்மா சாவி எங்கன்னு கேட்டா. உடனே திரையில வருது, வேற ஆள் உதவி பண்றாங்கன்னு. சாவி கேக்கறதா சார் உதவி?

அப்புறம் ஒருத்தர், என்னைவிடப் பதினஞ்சு வயசு சின்னவர். அஞ்சு வருஷம் கழிச்சு எங்க இருப்பீங்கன்னு கேக்கறார். நீங்க எங்க இருப்பீங்கன்னு நான் திருப்பிக் கேட்டேன். அடுத்த மாசமே வேலையை விடறாராம், வாய் தவறிச் சொல்லிட்டார். நாலாவதுல என்ன கேட்டாங்கன்னே ஞாபகம் இல்ல, ஏதோ என் பலவீனம் என்னன்னு.

பழைய கம்பெனில ஆஸ்பத்திரிகளுக்கு எழுதினேன் சார். ஒருத்தருக்கு எழுதின மருந்து இன்னொருத்தருக்குப் போயிடாம பாத்துக்கற புரோகிராம். பன்னெண்டு வருஷம், ஒரு நாள் நின்னதில்ல. அந்தப் பிரிவையே மூடிட்டாங்க, ஏழு மாசமாச்சு. அதப் பத்தி இங்க ஒருத்தரும் ஒரு வார்த்தை கேக்கல.

இன்னைக்கா? மூணு பேர். போர்டுல ஒரு புரோகிராம் எழுதச் சொன்னாங்க. ஒரு வரிசைல ரெண்டு தடவை வர்ற நம்பரைக் கண்டுபிடிக்கணும். சிரிப்பா வந்துச்சு. புதுசா சேர்றவங்களுக்கு மொத நாள் நான் குடுத்துட்டிருந்த கணக்கு அது.

எழுதினேனே. மொத வரி வந்துச்சு. அப்புறம் ஒண்ணும் வரல சார். மூணு பேரும் பாத்துட்டே இருக்காங்க. ஒருத்தர் நல்ல மனுஷன், ஏதாவது குறிப்பு வேணுமா மேடம்னு கேட்டார். அத மட்டும் கேக்காம இருந்திருக்கலாம்.

தண்ணி குடிச்சிட்டு வரேன்னு சொல்லிட்டு இங்க வந்து உக்காந்தவதான். பத்து நிமிஷமாச்சு, உள்ள இன்னும் எனக்காகத்தான் காத்துட்டிருக்காங்க. என் பை, கண்ணாடி எல்லாம் அந்த மேஜை மேலயே இருக்கு. அடுத்து உங்களை உள்ள கூப்பிட்டா, அதக் கொஞ்சம் எடுத்துட்டு வந்து குடுத்துடறீங்களா?